குஸ்கோவுக்குப் போன பதினான்கு பேர்

தனபாக்கியத்தோடு டூர் போய்வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: அந்தம்மாவை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு பெற்றவர்களை அனுப்பலாம். நயாகராவில் பாஸ்போர்ட் இல்லாமல் கனடாப் பாலத்தில் நடக்கத் தொடங்கிவிட்ட பொள்ளாச்சிக்காரரைத் துரத்திப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தவள். பதினோரு வருஷம், முப்பத்தெட்டு டூர், ஒரு கெட்ட பெயர் கிடையாது. போன மே மாதம் முப்பத்தொன்பதாவது டூருக்குப் பதினான்கு பேரைப் பெருவுக்கு அழைத்துப் போனாள். திரும்பி வந்தது பதிமூன்று பேர்.

அவளுக்குச் சொந்த ஊர் பவானிக்குப் பக்கம். கணவர் சேனாபதிக்கு அமெரிக்காவில் நியூ ஜெர்சி பக்கம் எடிசனில் வேலை கிடைத்தபோது கூடவே வந்தாள். கணவனோடு வரலாம், சாப்பிடலாம், தூங்கலாம், வேலை மட்டும் பார்க்கக் கூடாது என்கிற விசா. அப்படி ஒன்பது வருஷம் வீட்டில் அடைந்து கிடந்தாள். பட்டம் வாங்கிய பெண்ணை அடுப்படியில் உட்கார்த்திவைக்க அமெரிக்காக்காரன் எங்கே கற்றுக்கொண்டானோ தெரியவில்லை, நம்மூர்க்காரனை மிஞ்சிவிட்டான். அந்த வருஷங்களில்தான் பக்கத்து வீட்டு ஆட்களின் அப்பா அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக்காட்டப் பழகினாள். கிரீன் கார்டு வந்ததும் அதையே தொழிலாக்கிக்கொண்டாள்.

தொழில் நன்றாகவே நடந்தது. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்து இறங்கும் பெற்றோருக்கு முதல் வாரம் திருவிழா. மூன்றாவது வாரம் மகனுக்கு ஆபீஸ், மருமகளுக்கு ஆபீஸ், பேரனுக்கு டேகேர். பெரியவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுக்காரன் புல் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கு லீவு கிடையாது, மனசாட்சி மட்டும் உறுத்தும். அந்த உறுத்தலுக்கு மருந்து தனபாக்கியத்தின் டூர். ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் கூடவே வரும். அமெரிக்க விசா இருந்தால் பெருவுக்குத் தனி விசா வேண்டாம் என்று தெரிந்ததும் அந்த ஊரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், போகிறவர்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு எல்லாம் விளக்கினாள். முதலில் லிமா. அங்கிருந்து விமானத்தில் குஸ்கோ. இன்கா ராஜாக்களின் பழைய தலைநகரம் அது. ஸ்பெயின்காரர்கள் வந்து ராஜாவையும் கோயிலையும் காலி பண்ணிவிட்டு, அதே அஸ்திவாரத்தின் மேல் தங்கள் சர்ச்சுகளைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் பதினோராயிரம் அடி உயரம். மூச்சு வாங்கும், தலை வலிக்கும். அதற்கு ஒரு மாத்திரை இருக்கிறது, அவரவர் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

அப்புறம் எல்லாரிடமும் உடம்புக்கு என்னென்ன என்று கேட்டாள். பதினான்கு பேரும் ஒன்றுமில்லை என்றார்கள். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், நம்மூர்ச் சாப்பாட்டில் வளர்ந்தவர்கள், ஒருவருக்குக்கூடச் சர்க்கரை இல்லையாம்! தனபாக்கியம் அதை நம்புகிறவள் இல்லை. பிள்ளை காதில் விழுந்தால் டூரே போய்விடும் என்ற பயத்தில் எல்லாரும் மறைப்பார்கள். அதனால் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காபி போடும் சாக்கில் மனைவிமாரை ஒவ்வொருவராகச் சமையலறைக்குக் கூப்பிட்டு, வீட்டுக்காரருக்கு உண்மையில் என்ன தொந்தரவு என்று விசாரிப்பாள். பதினோரு வருஷத்தில் ஒரு பெண்கூட அவளிடம் பொய் சொன்னதில்லை.

நங்கநல்லூரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த நாகலக்ஷ்மியும் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொல்லிவிட்டார்.

"தனம், இவருக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வெச்சிருக்கு. சீனுவுக்குத் தெரியாது. தெரிஞ்சா இங்க வந்திருக்கவே விட்டிருக்க மாட்டான்."

தனபாக்கியம் அடுப்பை அணைத்தாள். "ஏனுங்க ஆன்ட்டி, இத வெச்சுக்கிட்டு எப்படீங்க அவ்ளோ ஹைட்டுக்கு அங்கிள கூட்டிட்டுப் போறது?"

"அங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டோம். மெதுவா போலாம்னுட்டார். லெட்டர் அனுப்பச் சொல்றேன். அவர் ஆசைப்பட்டு ஒண்ணு கேக்கறதே அபூர்வம்மா."

அந்த ஆசைக்காரர் ராமசுப்ரமணியன் அப்போது ஹாலில் பேசிக்கொண்டிருந்தார். பொதுப்பணித்துறையில் முப்பத்தோரு வருஷம் எஞ்சினியர். "சுண்ணாம்பு கிடையாது, சிமென்ட் கிடையாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல பிளேடு நுழையாது. அம்பதுல ஒரு பூகம்பம் வந்துது. மேல கட்டின சர்ச் இடிஞ்சு விழுந்துது, கீழ இருந்த இன்கா சுவர் அசையல. அத ஒரு தடவை கையால தொட்டுப் பாத்துட்டா நான் செத்தாலும் பரவாயில்ல."

"வாயக் கழுவுங்கோ!" என்று சமையலறையிலிருந்தே நாகலக்ஷ்மி அதட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். தனபாக்கியத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்னை டாக்டரின் கடிதம் நான்கு நாளில் வந்துவிட்டது. சேனாபதி படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். "வம்ப விலைக்கு வாங்காத தனம். அந்தப் பெருசுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எடிசன்ல தலை காட்ட முடியாது."

"ஒருத்தரத்தானுங்க பாக்கோணும். அவர மட்டும் கண்ணுல வெச்சுப் பாத்துட்டாப் போதும். கூட்டியாந்துருவனுங்க."

இதை அவள் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. அவள் வேலை செய்கிற முறையே அதுதான். ஒவ்வொரு டூரிலும் யாரால் ஆபத்து வரும் என்று ஒருவரைக் குறித்துக்கொள்வாள், அவரைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். முப்பத்தெட்டு தடவை அது பலித்திருக்கிறது.

குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியபோதே காற்று போதவில்லை. பெட்டி எடுக்கப் போனவர்கள் பாதி வழியில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனபாக்கியத்தின் நெஞ்சும் படபடத்தது. ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கைப்பையிலிருந்து ஆக்சிஜன் பார்க்கும் கருவியை எடுத்து ராமசுப்ரமணியனின் விரலில் மாட்டினாள். எண்பத்தேழு. அந்த உயரத்துக்கு அது பரவாயில்லை. அவருடைய இன்னொரு கையை நாகலக்ஷ்மி பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று பூராவும் ஓய்வு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தனபாக்கியம் அவர்கள் அறைக் கதவைத் தட்டினாள். ஒவ்வொரு தடவையும் நாகலக்ஷ்மிதான் திறந்தார். எண்பத்தெட்டு. எண்பத்தேழு. எண்பத்தொன்பது. கடைசித் தடவை உள்ளே குளியலறைக் குழாய் திறந்தே கிடந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாகலக்ஷ்மியின் முகம் கழுவித் துடைத்த ஈரத்தோடு இருந்தது.

"தூங்கறார். மூச்சு சீராத்தான் விடறார். நான் பாத்துண்டேதான் இருக்கேன், நீ போய்ப் படு."

"நீங்களும் தூங்குங்க ஆன்ட்டி."

"எனக்கென்ன, நான் நன்னா இருக்கேன்."

மறுநாள் காலை ராமசுப்ரமணியன் குளித்து, விபூதி இட்டு, தொப்பி வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தார். தொண்ணூறு. தனபாக்கியத்துக்குப் பாதி உயிர் திரும்பியது. கொண்டுவந்த அரிசியில் பொங்கல் வைத்திருந்தாள், அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நாகலக்ஷ்மி தட்டையே தொடவில்லை.

"இன்னிக்கு ஏகாதசிம்மா. தண்ணிகூட வேண்டாம்."

ஜெர்சி சிட்டியிலிருந்து வந்திருந்த ருக்மிணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏகாதசி வெள்ளிக்கிழமையே போயிடுச்சே மாமி! நான்தான உங்ககூட ஏர்போர்ட்ல பழம் சாப்பிட்டேன்."

நாகலக்ஷ்மி அவரை யாரென்று தெரியாதவர்போல ஒரு கணம் பார்த்தார். பிறகு, "ஓ, போயிடுத்தா?" என்று அவரும் சிரித்தார். ஓட்டல் பாத்திரத்தில் வைத்த பொங்கல் ஆசாரத்துக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது, அதற்கு இப்படி ஒரு சாக்கு என்று தனபாக்கியம் நினைத்துக்கொண்டாள். வண்டியில் போகும்போது பாத்ரூமுக்கு அலைய வேண்டுமே என்று நம் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். ஒரு பாட்டிலை அவர் பையில் திணித்தாள். அவர் அதைத் திறந்தாரா என்று பார்க்கவில்லை.

உள்ளூர் வழிகாட்டி வில்மர் பத்து மணிக்கு வந்தான். முப்பது வயசு, நல்ல இங்கிலீஷ். இன்கா வம்சம் என்று சொல்லிக்கொண்டான், ஸ்பெயின்காரன் மேல் இன்னும் கோபம் தீராதவனாக இருந்தான். முதலில் கதீட்ரல். வெள்ளி பீடம், மரச் சிற்பம், மெழுகுவர்த்திப் புகையில் கறுத்துப்போன ஏசு. ஒரு பெரிய ஓவியத்தில் ஏசுநாதரும் சீடர்களும் கடைசி விருந்துக்கு உட்கார்ந்திருக்க, நடுத் தட்டில் பெருச்சாளி மாதிரிக் கினிப்பன்றி ஒன்று நாலு காலையும் தூக்கிக்கொண்டு கிடந்தது. இங்கத்து ஓவியன் இங்கத்துச் சாப்பாட்டைத்தானே வரைவான் என்றான் வில்மர். பெண்கள் "சிவ சிவா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாகலக்ஷ்மி மட்டும் அந்தத் தட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். வா, வா என்று கணவர் கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தார்.

அங்கிருந்து கோரிகாஞ்சா. இன்காக்களின் சூரியன் கோயில். சுவரெல்லாம் தங்கத் தகடு போர்த்தியிருந்ததாம். ஸ்பெயின்காரர்கள் அத்தனையையும் உரித்து உருக்கிக் கப்பலேற்றிவிட்டு, மேலே மடாலயம் கட்டினார்கள். ராமசுப்ரமணியன் சுவருக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைக் கழற்றினார். காவலாளி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தியா தனம், உள்பக்கமா சாய்ச்சுக் கட்டியிருக்கான். மேல போகப் போகக் கல்லு சின்னதாறது. இவனெல்லாம் மனுஷன் இல்லம்மா."

தனபாக்கியம் அவரைக் கண்ணைத் துடைத்துக்கொள்ளவிட்டு, அவர் விரலில் கருவியை மாட்டினாள். எண்பத்தெட்டு. உணர்ச்சிவசப்பட்டால் நெஞ்சுக்கு ஆகாதே என்று அவளுக்குப் பயம். இந்த மனுஷனை இங்கேயே நிறுத்தி ஓட்டலுக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தாள். அடுத்தது சக்சைவாமன் கோட்டை. இன்னும் ஆயிரம் அடி மேலே.

நாகலக்ஷ்மி கணவரின் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். காலை அகட்டி அகட்டி வைத்தார். படியில் ஒரு தடவை தடுமாறி, சுவரில் சாய்ந்து நின்றார். வில்மர் பேச்சை நிறுத்திவிட்டுத் தனபாக்கியத்திடம் வந்தான்.

"அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"அவங்களுக்கு ஒன்றுமில்லை. கணவருக்கு இதயத்தில் பிரச்சினை. அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார், அந்தக் கவலை" என்று அவனுக்கு இங்கிலீஷில் விளக்கினாள் தனபாக்கியம்.

வில்மர் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தான். அந்த ஊர்க்காரன், இந்த நடையை முன்பே பார்த்திருப்பவன். ஆனால் பதினோரு வருஷம் அனுபவமுள்ள அம்மா அடித்துச் சொன்ன பிறகு அவன் என்ன செய்வான்? சரி என்று தலையாட்டிவிட்டு வண்டிக்குப் போனான்.

கிளம்புமுன் தனபாக்கியம் நாகலக்ஷ்மியிடமே கேட்டாள். "அங்கிள் மேல வரலாமுங்களா? என்ன சொல்றீங்க ஆன்ட்டி?"

"அவர் சந்தோஷமா இருக்கார். போலாம்" என்றார் நாகலக்ஷ்மி. வார்த்தை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்த மாதிரி வந்தது. எப்போது கிளம்புகிறோம் என்று கேட்டார். பதில் சொன்னதும் மறுபடியும் அதையே கேட்டார். தனபாக்கியம் மறுபடியும் பதில் சொன்னாள்.

சக்சைவாமனில் காற்று ஊதிக்கொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கற்கள், வளைந்து வளைந்து போகும் சுவர். ராமசுப்ரமணியன் சின்னப் பையன் மாதிரி முன்னால் போனார். தனபாக்கியம் ஒரு கையில் கருவியும் ஒரு கையில் தண்ணீருமாக அவர் பின்னாலேயே போனாள். மெல்லப் போங்க அங்கிள், மெல்லப் போங்க என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ருக்மிணி கத்தினார்.

நாகலக்ஷ்மி புல்லில் உட்கார்ந்திருந்தார். புடவைத் தலைப்பு விலகிக் கிடந்தது, அதை இழுத்து மூட அவர் கை போகவில்லை. வாயோரம் நுரை. உதடு நீலமாக இருந்தது. ஓடிவந்து முன்னால் மண்டியிட்ட கணவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"சீனு ஸ்கூல்லேர்ந்து வந்துட்டானா?"

சீனு என்கிற ஸ்ரீநிவாஸுக்கு முப்பத்தொன்பது வயசு. அடுத்த நிமிஷம் நாகலக்ஷ்மி பக்கவாட்டில் சரிந்தார்.

தனபாக்கியத்துக்கு எல்லாம் அப்போது விளங்கியது. முழங்கையைப் பிடித்தது தாங்குவதற்கு இல்லை, விழாமல் இருப்பதற்கு. குழாயைத் திறந்துவிட்டது வாந்தி எடுக்கும் சத்தம் வெளியே கேட்காமல் இருப்பதற்கு. இரண்டு நாளாக ஒரே அறையில், ஒரே சோபாவில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, அந்தக் கருவியை ஒரு விரலில் மட்டுமே மாட்டிக்கொண்டிருந்தாள். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

வில்மர்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். ஊருக்குள் ஒரு சிறிய மருத்துவமனை. நர்ஸ் கருவியை மாட்டியதும் ஐம்பத்தாறு என்று காட்டியது. டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, மூளையும் வீங்கியிருக்கிறது, நேற்றே இறக்கிக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்றார். ஆக்சிஜனை வைத்துக்கொண்டே கேள்விகளை அடுக்கினார். என்ன நோய் உண்டு? தினமும் என்ன மாத்திரை? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? தலைவலி எப்போது ஆரம்பித்தது?

ராமசுப்ரமணியன் தனபாக்கியத்தைப் பார்த்தார். அவரைப் பற்றி என்றால் அவள் தூக்கத்தில்கூடச் சொல்வாள். அந்த அம்மாளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. எடிசன் சமையலறையில் அவள் கேட்டதெல்லாம் கணவரைப் பற்றி. மனைவியைப் பற்றிக் கணவரைக் கேட்கலாம் என்று இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

கைப்பையைக் கொட்டினார்கள். உயரத்துக்கான மாத்திரை அட்டை முழுசாக இருந்தது, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"இத ஏன் போட்டுக்கல அவ?" என்றார் ராமசுப்ரமணியன். பிறகு அவருக்கே ஞாபகம் வந்தது. "எனக்குத் தீந்துபோயிடுத்துன்னா வேணுமேன்னு சொன்னா."

தனபாக்கியம் ஸ்ரீநிவாஸுக்குப் போன் போட்டாள். அவன் மன்ஹாட்டனிலிருந்து வீடு திரும்பும் ரயிலில் இருந்தான். எடுத்ததுமே, "அப்பாவுக்கு என்ன ஆச்சு ஆன்ட்டி?" என்றான்.

"அப்பா நல்லாருக்காருங்க. அம்மா..."

"அம்மாவா? அம்மாவுக்கு என்ன? அவளுக்கு ஹெல்த் இஷ்யூ எதுவுமே கிடையாதே!"

"டேப்லெட் ஏதாவது எடுக்கறாங்களா தம்பி? அலர்ஜி ஏதாவது? டாக்டர் கேக்கறாங்க, சீக்கிரம் சொல்லுங்க."

"ஐ டோன்ட் நோ ஆன்ட்டி" என்றான். "எனக்கு நிஜமா தெரியல."

லிமாவுக்கு இறக்க விமான ஆம்புலன்ஸ் தேடினார்கள். அது கிளம்புவதற்கு முன்பே, இருட்டுவதற்கு முன்பே, நாகலக்ஷ்மி இறந்துபோனார். டாக்டர் வெளியே வந்து சொன்னபோது ராமசுப்ரமணியன் அழவில்லை. சரி, சரி என்று இரண்டு தடவை சொன்னார். தனபாக்கியம் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் அவள் தலையில் கையை வைத்துவிட்டு, எதற்காக வைத்தோம் என்று மறந்தவர்போல எடுத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்து ஆபீஸ் அறையிலிருந்து எழுத்தர் ஒருவர் காகிதங்களோடு வந்தார். மனுஷன் மரியாதையாகத்தான் கேட்டார், வில்மர் மொழிபெயர்த்தான். இறந்தவர் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர். பாஸ்போர்ட்டைப் பார்த்து எல்லாவற்றையும் ராமசுப்ரமணியன் நிதானமாகச் சொன்னார். பிறகு எழுத்தர் இன்னொன்று கேட்டார். ஸ்பானிஷ்காரர்களுக்கு அப்பா வழிப் பெயர் ஒன்று, அம்மா வழிப் பெயர் ஒன்று, இரண்டும் இருந்தால்தான் ஆள் முழுசு. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தாயார் பெயருக்கான இடத்தில் ஒரு முன்னெழுத்துதான் இருந்தது. அதை முழுசாக எழுத வேண்டுமாம்.

மாமியாரை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் யார் முன்னாலும் அந்தப் பேரை உச்சரிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

"ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லு தனம். அவளைக் கேட்டுண்டு வந்துடறேன்."

மூடியிருந்த அந்த அறையை நோக்கி நடந்தார். எழுத்தர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பெரியவர் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று வில்மர் கேட்டான். தனபாக்கியத்துக்கு அதை இங்கிலீஷில் சொல்ல வாய் வரவில்லை.